வேதிச்சமநிலை: உயர்ந்த உலையும் குறையாத வாயுவும்

இரும்புத்தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் ஊதுலையில் முதன்மையான பணியைச் செய்வது கார்பன் மோனாக்சைடு வாயு. அது தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் படிப்படியாகக் கவர்ந்து கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது, இரும்பு எஞ்சுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் உலைக்கூடத்தாருக்கு இதில் ஒரு குறை தென்பட்டது. உலையின் மேல்வாயில் வழியே வெளியேறிய வாயுவில் கார்பன் மோனாக்சைடு பெருமளவில் வீணாகிக்கொண்டிருந்தது. தாதுவும் வாயுவும் போதிய நேரம் கலந்திராமையே இதற்குக் காரணம் என அவர்கள் முடிவு செய்தனர். எனவே, இங்கிலாந்தில் பெரும்பொருள் செலவிட்டு 30 மீட்டர் உயரம் வரை உலைகளைக் கட்டினர். வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடின் விகிதமோ குறையவில்லை.

பிழை கொத்தனாரிடம் இல்லை. போதிய நேரம் கொடுத்தால் எந்த வினையும் முற்றுப்பெறும் என்ற எண்ணத்தில்தான் பிழை இருந்தது.

எரிந்த விறகின் சாம்பலும் புகையும் மீண்டும் கூடி விறகாவதில்லை. இத்தகைய வினைகளையே நாள்தோறும் காண்பதால், வேதிவினை ஒருதிசைப் பயணம் என நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர் பிரெஞ்சு வேதியியலறிஞர் பெர்த்தோலே. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பில் அறிஞர் குழுவோடு 1798இல் சென்ற அவர், அங்குள்ள நேட்ரான் ஏரிகளின் கரையில் சோடியம் கார்பனேட் படிந்திருக்கக் கண்டார். ஆய்வகத்தில் சோடியம் கார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் வினைபுரிந்து சுண்ணாம்புப் படிவையும் சாதாரண உப்பையும் தரும். ஏரிக்கரையிலோ, மிகுதியாக இருந்த உப்பும் சுண்ணாம்புக்கல்லும் வினைபுரிந்து சோடியம் கார்பனேட்டைத் தந்திருந்தன. ஒரு வினையின் திசையைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என அவர் உணர்ந்தார்.

இவ்வாறு இருதிசையிலும் நிகழவல்ல வினை மீள்வினை எனப்படும். ஊதுலையின் இறுதிப் படியும் அத்தகையதே.

ஃபெரஸ் ஆக்சைடு + கார்பன் மோனாக்சைடு ⇌ இரும்பு + கார்பன் டைஆக்சைடு

தொடக்கத்தில் முன்னோக்கு வினை விரைவாக நிகழ்கிறது. வினைவிளை பொருள்கள் சேரச்சேரப் பின்னோக்கு வினையின் வேகம் உயர்கிறது. இரு வேகங்களும் சமமாகும் நிலையே வேதிச்சமநிலை. இங்கு மாணவர்கள் இரண்டு தவறுகளை ஆண்டுதோறும் விடைத்தாளில் எழுதுகின்றனர். ஒன்று, சமநிலையில் இருபுறமும் உள்ள பொருள்களின் அளவு சமம் என்பது. சமமாவன வேகங்களே, அளவுகள் மாறாதிருக்கும், சமமாக இருக்க வேண்டியதில்லை. மற்றொன்று, வினை நின்றுவிடுகிறது என்பது. இது சற்று ஆழமான தவறு. ஏனெனில், கண்ணுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நிற்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா ஆகியவை சமநிலையிலுள்ள கலவை ஒன்றையும், ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டிரியத்தைக் கொண்டு அதே நிலைமைகளில் சமநிலை எய்திய மற்றொரு கலவையையும் ஒன்றுசேர்த்துச் சிறிது நேரம் விட்டுவைப்போம். அம்மோனியாவின் மொத்த அளவு மாறுவதில்லை. ஆயினும், ஒரே மூலக்கூறில் ஹைட்ரஜனும் டியூட்டிரியமும் கலந்திருக்கும் புதுவகை அம்மோனியா அங்கே காணப்படும். மூலக்கூறுகள் ஓயாமல் சிதைந்தும் உருவாகியும் வந்தாலன்றி இக்கலப்பு நிகழ்ந்திராது. எனவேதான் இதனை இயங்குச் சமநிலை என்கிறோம்.

இவ்வியக்கத்தைக் கணக்கில் அடக்கியவர்கள் நார்வே நாட்டின் குல்டுபெர்க்கும் வாகேயும். இவ்விருவரும் மைத்துனர்கள். 1864இல் தம் தாய்மொழியில் வெளியிட்ட அவர்களது நிறைதாக்க விதியைப் பல ஆண்டுகள் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவ்விதியின்படி, மாறாத வெப்பநிலையில் வினைவிளை பொருள்களின் செறிவுகளுக்கும் வினைபடு பொருள்களின் செறிவுகளுக்கும் உரிய விகிதம் ஒரு மாறிலியாகும். ஊதுலைச் சமன்பாட்டில் ஃபெரஸ் ஆக்சைடும் இரும்பும் திண்மங்கள். அவற்றின் செறிவு மாறுவதில்லை. ஆகவே, எஞ்சுவது கார்பன் டைஆக்சைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதம் மட்டுமே. அவ்விகிதத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. உலையின் உயரத்திற்கு அதில் இடமில்லை.

அப்படியாயின் சமநிலையை நகர்த்தவே இயலாதா? இயலும். 1884இல் லீ சாட்லியர் வகுத்த கொள்கை அதற்கு வழி காட்டியது. சமநிலையிலுள்ள அமைப்பின் வெப்பநிலை, அழுத்தம், செறிவு ஆகியவற்றுள் ஒன்றை மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும்.

இக்கொள்கை உலகத்தின் உணவோடு தொடர்புற்றது அம்மோனியாத் தயாரிப்பில்தான்.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா

நான்கு பருமன் வாயு இரண்டு பருமனாகச் சுருங்குவதால் உயர் அழுத்தம் அம்மோனியாவுக்குச் சாதகமானது. முன்னோக்கு வினை வெப்பத்தை உமிழ்வதால் தாழ்ந்த வெப்பநிலையும் சாதகமானதே. சிக்கல் இங்கேதான் எழுகிறது. தாழ்ந்த வெப்பநிலையில் சமநிலை சாதகமாக இருந்தாலும், அதனை எய்தும் வேகம் பயனற்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 500 டிகிரி செல்சியஸிலும் இயல்பான வளிமண்டல அழுத்தத்திலும் சமநிலைக் கலவையில் அம்மோனியா ஏறத்தாழ 0.1 விழுக்காடே இருக்கும். அழுத்தத்தை 200 வளிமண்டலமாக உயர்த்தினால் அது ஏறத்தாழ 18 விழுக்காடாகிறது. லீ சாட்லியரே 1901இல் இம்முயற்சியில் இறங்கினார். கருவி வெடித்துச் சிதறவே கைவிட்டார். பிற்காலத்தில் அதற்காக மிக வருந்தினார்.

1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் வெற்றி கண்டார். ஆஸ்மியம் என்னும் அரிய உலோகத்தை அவர் வினையூக்கியாகக் கொண்டார். வினையூக்கி இருதிசை வேகங்களையும் ஒரே மடங்கு உயர்த்துமே தவிர, சமநிலையின் இருப்பிடத்தை மாற்றாது. அங்கு விரைவில் கொண்டுசேர்க்கும், அவ்வளவே. கிடைத்த சிறிதளவு அம்மோனியாவைக் குளிர்வித்து நீர்மமாக்கிப் பிரித்து, வினைபுரியாத வாயுக்களை மீண்டும் உலைக்கே அனுப்பினார். விளைபொருள் அகற்றப்படுந்தோறும் வினை முன்னோக்கி நகர்ந்தது. மலிவான இரும்பு வினையூக்கியுடன் கார்ல் போஷ் இதனை ஆலை அளவுக்கு வளர்க்க, 1913இல் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே மூண்ட உலகப்போரில் அதே அம்மோனியா வெடிமருந்துக்கும் மூலப்பொருளாயிற்று. இன்று வயலில் இடும் யூரியாவும் இவ்வினையின் வழிவந்ததே.

மீண்டும் ஊதுலைக்கு வருவோம். அங்கே அழுத்தத்தை உயர்த்தியிருந்தால் சமநிலை நகர்ந்திருக்குமா? சமன்பாட்டில் இருபுறமும் உள்ள வாயுப் பருமனை எண்ணிப் பார்த்து விடை கூறுக. மேல்வாயிலில் வெளியேறும் கார்பன் மோனாக்சைடு இன்றைய உலைகளிலும் இருக்கிறது. அதனை வீணாக்காமல் எரித்து, உலைக்குள் ஊதும் காற்றைச் சூடாக்கப் பயன்படுத்துகின்றனர்.