கடற்பாசிச் சாறும் கிருமிகளும்

சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தருகே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உள்ளது. கடற்பாசிச் சாறு நோய்க்கிருமிகளை அடக்குமா என்பது அங்கே ஆராயப்பட்டுவரும் பொருள்களுள் ஒன்று. வயலுக்குப் பாசிச்சாறு வாங்கும் அங்கத்தினர்கள் இச்சோதனையின் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

கடலில் கிடக்கும் கல்லாயினும் கட்டையாயினும் அதன்மேல் விரைவில் பாக்டீரியா படிந்துவிடும். பாசிக்கோ மரப்பட்டை போன்ற கவசம் இல்லை. ஆதலின் பல பாசிகள் கிருமியைத் தடுக்கும் வேதிப்பொருள்களைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. பழுப்புப் பாசிகளில் ஒருவகைத் துவர்ப்புப் பொருளும், சில சிவப்புப் பாசிகளில் புரோமின் சேர்ந்த பொருள்களும் உள்ளன.

பாசியைக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொடித்து, மெதனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடிப்பர். பாக்டீரியா பூசிய அகார் தட்டின்மேல், அச்சாறு ஏற்றிய சிறு காகித வில்லையை வைத்து ஓர் இரவு விடுவர். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றினால் சாறு வேலை செய்தது என்று கொள்வர். (அந்த அகாரும் கடற்பாசியிலிருந்து வருவதே! நோன்புக் காலத்தில் இல்லங்களில் காய்ச்சி உறையவைக்கும் அதே பொருள்தான். கிருமியை வளர்க்கவும் பாசி, தடுக்கவும் பாசி.)

அதே தட்டில், வெறும் மெதனாலில் நனைத்து உலர்த்திய வில்லை ஒன்றும் இருந்தாக வேண்டும். மெதனாலும் கிருமியைக் கொல்லுமாதலால், இவ்வொப்பீடு இல்லாத சோதனையை நம்புவதற்கில்லை. வட்டம் பெரிதாயிருப்பதனாலேயே மருந்து வலிது என்றும் சொல்லலாகாது; அகாரில் எளிதாகப் பரவும் பொருளும் பெரிய வட்டம் காட்டும். பாசி பறித்த பருவத்தையும் கரைப்பானையும் பொறுத்து விளைவு மாறும். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பணிந்த சாற்றுக்கு, வெளியுறை மிகுந்த குடற்கிருமி பணியாமலும் போகும்.

நெசவாளர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பருத்தித் துணியில் இத்தகைய சாற்றை ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. பலமுறை துவைத்தபின் எவ்வளவு எஞ்சும் என்பதே அங்குக் கேட்க வேண்டிய கேள்வி.

கடையில் விற்கும் பாசிச்சாறு பெரும்பாலும் வேறு வகையில் ஆக்கப்படுவது; பயிரின் வளர்ச்சிக்கென விற்கப்படுவது. 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர்த்தூண்டிகள் சேர்க்கப்பட்டபோது இச்சாறும் அவ்வகையில் வைக்கப்பட்டது, கிருமிக்கொல்லியாக அன்று. சில சாறுகள் பயிரின் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாக ஆய்வுகள் கூறுவது உண்மையே. எனினும் நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் கண்டபின் இதை மட்டும் தெளித்துக் காத்திருந்தால் மகசூல் கைவிட்டுப் போகும். தழைச்சத்து உரத்தை உடனே நிறுத்தி, நோயுற்ற வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் மடையை அடைத்து, வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டுக.