வாசனை குறைந்தால் பிசுபிசுப்பும் குறையும்

கேள்வி: வீட்டிலேயே முகத்துக்கு சீரம் செய்கிறேன். தோட்டத்துச் சோற்றுக்கற்றாழை, பன்னீர், கிளிசரின், கெட்டியாக வர சாந்தன் கம். மணத்துக்கு 30 மில்லி பாட்டிலுக்கு லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய் இரண்டும் சேர்த்து 15 சொட்டு. பூசினால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தேய்த்தால் திரிதிரியாக உருள்கிறது. நாலைந்து நாளில் மணம் போய்ப் புளித்த வாடை வருகிறது. சில நாள் கன்னத்தில் எரிச்சலும் உண்டு. வாசனை நிலைக்கவும் பூச இதமாக இருக்கவும் இன்னும் என்ன சேர்க்கலாம்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அன்புச் சகோதரி, கையில் இருக்கும் பாட்டிலை முதலில் கொட்டிவிடுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் உள்ளே கிருமி வளர்ந்துவிட்டது என்று பொருள். அதன் மேல் எந்த வாசனையை ஊற்றினாலும் கெட்டது கெட்டதுதான். பச்சைக் கற்றாழையை வெட்டிப் போட்ட சீரம் நம் ஊர்ச் சூட்டில் வெளியே தாங்காது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். தண்ணீரில் வளரும் கிருமியை ஒன்றும் செய்யாது. தவிர, கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலே சிலருக்கு அரிப்பு தரும்.

என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சீரத்தில் குறைக்க வேண்டியதுதான் அதிகம்.

கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அது கூடிப்போனால் முகம் ஒட்டத்தான் செய்யும். நூற்றுக்கு மூன்று பங்கு போதும். திரிதிரியாக உருள்வது பெரும்பாலும் சாந்தன் கம்மின் வேலை. அதை நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி விழும். கெட்டியாகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தூவத் தோன்றும். கடைசியில் கொழகொழவென்று ஆகிவிடும்.

எரிச்சலுக்கு வருவோம். எண்ணெய் தண்ணீரில் கரையாது. நீங்கள் விட்ட 15 சொட்டும் மேலே மிதந்து, முதலில் சொட்டும் துளியில் கலப்பில்லாத எண்ணெயாகவே கன்னத்தில் இறங்கியிருக்கலாம். அளவும் அதிகம்: ஏறக்குறைய இரண்டரை சதவீதம். முகத்தில் பூசி அப்படியே விடும் பொருளுக்கு அரை சதவீதம், அதாவது 30 மில்லிக்கு மூன்று சொட்டு, உச்ச வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதைப் பூசி வெயிலில் போனால் சருமம் சிவந்து கருத்துப்போகலாம். லாவெண்டரும் திறந்துவைத்துப் பழசானால் ஒவ்வாமை தரலாம். ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டிய மணப்பொருட்களின் பட்டியலை 2023இல் 26இலிருந்து 80க்கு மேல் நீட்டியது. லாவெண்டரின் லினலூலும் எலுமிச்சையின் லிமோனீனும் பழைய பட்டியலிலேயே இருந்தவை.

எண்ணெயைத் தண்ணீரில் கலக்க பாலிசார்பேட் 20 வேண்டும், எண்ணெயைப் போல நாலைந்து மடங்கு. அதுவும் ஒட்டும் பொருள்தான். வாசனையைக் கூட்டக் கூட்ட அதையும் கூட்ட வேண்டிவரும், பிசுபிசுப்பும் ஏறும். பிசுபிசுப்பு, எரிச்சல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாசனையைக் குறைப்பது.

மணத்துக்கு நான் வெட்டிவேர் எண்ணெயைத்தான் சொல்வேன். பக்கத்துக் கடலூர் கடலோர மணலில் விளைகிற வேர். மெதுவாக ஆவியாவதால் துளியளவே நீடித்து நிற்கும். வேரை ஊறவைத்த தண்ணீரைச் சீரத்தில் ஊற்றாதீர்கள், அதுவும் கெடும். மல்லிகையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடும் ஆசையும் வரும். பூவின் ஈரம் எண்ணெயில் இறங்கிப் பூஞ்சை வாடைதான் மிஞ்சும். மல்லிகை மணம் நீராவிச் சூட்டைத் தாங்காது என்பதால்தான் பிரான்சின் கிராஸ் நகரத்தார் அந்தக் காலத்தில் சூடில்லாக் கொழுப்பின் மேல் பூவைப் பரப்பி, வாடியதை எடுத்துப் புதுப் பூவை மாற்றி மாற்றி வைத்தார்கள். வீட்டில் அது நடக்காது.

இப்படிச் செய்து பாருங்கள், மொத்தம் 100 கிராம். ஸ்பூன் கணக்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். பாத்திரம், பாட்டில் எல்லாம் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். 3 கிராம் கிளிசரினில் 0.2 கிராம் சாந்தன் கம்மைக் கட்டியில்லாமல் குழையுங்கள். 90 கிராம் வாலைநீரில் 4 கிராம் நியாசினமைடை (வைட்டமின் பி3) கரைத்து, அந்தக் கரைசலைக் கிளிசரின் குழைவில் ஊற்றிக் கலக்கி அரை மணி விடுங்கள். தனிக் கிண்ணத்தில் 0.2 கிராம் வெட்டிவேர் எண்ணெயை 1 கிராம் பாலிசார்பேட்டோடு கலந்து அதையும் சேருங்கள். கடைசியாக ஃபீனாக்சிஎத்தனால் கலந்த பதப்பொருள், லேபிளில் சொன்ன அளவு. ஃபீனாக்சிஎத்தனால் 1 கிராமைத் தாண்டக் கூடாது. குறைவதைத் தண்ணீரால் நிரப்புங்கள். பிஎச் தாளில் 5க்கும் 6க்கும் நடுவே காட்டினால் சரி. பழுப்பு பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதிவையுங்கள்.

முகம் கழுவி ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டு பூசுங்கள். அதற்கு முன் முழங்கையின் உள்பக்கம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். கன்னத்தில் சிவப்பு இன்னும் ஆறவில்லை என்றால் எதையும் பூசாமல் ஜிப்மர் தோல் பிரிவிலோ தெரிந்த தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். என்னென்ன எத்தனை சொட்டு கலந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.