கடைசி எழுத்து விளையாட்டு, இணையத்தில்

தமிழில் சொல் விளையாட்டு ஒன்றை இணையத்தில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் வீட்டில் அதை எப்படி ஆடுகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள், சண்டை வரும் இடங்களையும் சேர்த்து. நிரல் அதற்குப் பிறகு.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஆடுவது கடைசி எழுத்து விளையாட்டு. ஒருவர் 'மரம்' என்றால் அடுத்தவர் 'மாலை' என்பார். 'வீடு' என்றுவிட்டால்? டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. பாட்டி வைத்த சட்டம், ஓரெழுத்து பின்னே போ. வீடு என்றால் வீணை. யாழ் என்றால் யானை. கயிறு என்றால் 'யி'யும் உதவாது, 'க' வரை போகவேண்டும். டம்ளர், லட்டு என்று சொல்லத் தெரிந்தவர் தாராளமாகச் சொல்லலாம். இந்தச் சட்டத்தை அப்படியே நிரலாக்கினேன். நன்னூல் தரும் மொழிமுதல் எழுத்துகளைப் பட்டியலாக வைத்து, பொருந்தும் எழுத்து கிடைக்கும்வரை பின்னோக்கித் தேடச் சொன்னால் போதும். விளையாட்டின் உயிரே அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது.

எழுத்து எண்ணுவதில் கவனம் தேவை. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தரும். ஆனால் 'க்ஷ' இரண்டாகப் பிரியும், அதை நாமே சேர்த்துக்கொள்ளவேண்டும். 'கொ'வின் கொம்பையும் காலையும் சிலர் தனித்தனியாகத் தட்டுவார்கள். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

எது சொல், எது சொல் இல்லை? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. ஆனால் அடுக்களையில் தினமும் சொல்லும் 'மிக்ஸி' அதில் இருக்காது. 2021இல் பரவிய வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டை ஜோஷ் வார்டில் உருவாக்கியது தன் துணைவி பாலக் ஷாவுடன் ஆடத்தான். ஏறக்குறைய 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை, தெரிந்தது தெரியாதது பார்த்துச் சுமார் 2,500 ஆகக் குறைத்தவர் பாலக் ஷாதான். அகராதியை அப்படியே கொட்டாமல் ஒரு மனிதர் உட்கார்ந்து சலித்ததால்தான் அந்த விளையாட்டு எல்லோருக்கும் கைவந்தது என்பது என் உறுதியான எண்ணம். நானும் வீட்டாரை வைத்தே சலித்தேன். பெயர்ச்சொல் மட்டும் என்று வரையறுத்தோம். இல்லாவிட்டால் வந்தான், வந்தாள், வந்தது என்று ஒரு வினையே ஆட்டத்தை விழுங்கிவிடும். பட்டியலில் இல்லாத சொல்லை ஒருவர் போட்டால் நிரல் மறுக்காது. "பொருள் சொல்லு" என்று மற்றவர்கள் கேட்கலாம், சொன்னதும் வாக்கெடுப்பு.

கடிகாரம் வைக்காதீர்கள். பெரியவர்கள் யோசிக்கட்டும், வெளியூரில் இருக்கும் அத்தை மறுநாள் காலையில் பதில் போடட்டும். தட்டச்சு தெரியாதவர்களுக்காகத் திரையில் 12 உயிரும் 18 மெய்யும் மட்டும் பெரிதாக வைத்தேன். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய் வந்துவிடும். பாட்டிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.