இரவு பத்து மணிக்குப் பின்

அசகான் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்து லயத்தில், மின்சாரம் என்பது ஸ்தோருக்குப் பின்புறமிருந்த டீசல் இஞ்சின் ஓடும் நேரத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. இரவு பத்து மணிக்கு அது நிறுத்தப்பட்டதும் குண்டு பல்புகள் மங்கிச் சிவந்து அவிய, அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டு, விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவற்றை எடுத்து வைப்பாள். எந்த வேலையைப் பத்து மணிக்குள் முடிப்பது, எதை விளக்கொளிக்கு விடுவது என்று அவள் வகுத்துக்கொண்ட நிதானத்தின் அருமையை, ஜாசினில் வீடு வாங்கிக் கூரைமேல் சூரியத் தகடுகளைப் பதித்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

2022ஆம் ஆண்டில், நெம் என்று நாம் சொல்லும் திட்டத்தின்கீழ், சிங்கிள் பேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு அப்போது அனுமதிக்கப்பட்ட 4 கிலோவாட் அளவுக்குத் தகடுகள் அமைத்தேன். பகலில் மிஞ்சுவதைத் தெனாகாவின் கம்பிக்கு அனுப்பி, இரவில் செலவாவதிலிருந்து அதே அளவைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் மாதக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில், பேட்டரியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வீசும் சுமத்ராக் காற்றில் ஒருநாள் கிளை முறிந்து கம்பிமேல் விழ, தெரு முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று. பத்து மணிக்கெல்லாம் வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. மேலே தகடுகள் பளபளத்தன. கீழே ஒரு விசிறியும் சுழலவில்லை. நுரையீரல் நோயினால் பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு காலந்தள்ளும் அம்மாவுக்கு அவசரமாகச் சிலிண்டரைப் பொருத்திக்கொண்டிருந்தேன். “வெயிலு இந்த அடி அடிக்குதேய்யா, இதுல எனக்குக் கரண்ட் வராதா?” என்று கேட்டாள்.

வராததற்குத் தக்க காரணம் உண்டு. வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லையென்று கண்டதுமே இன்வெர்ட்டர் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. இல்லையேல், மின்சாரம் நின்றுவிட்டதென்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு நம் கூரையிலிருந்து போவதே யமனாகிவிடும். ஆகவே இத்தகைய சந்தர்ப்பத்தில் வீட்டுக்கு ஒளி வேண்டுமானால் பேட்டரி மட்டும் போதாது. வெளிக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு சுயமாக இயங்கவல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டரும், அத்தியாவசியமான சாதனங்களுக்கென்று பிரித்திழுத்த தனி வயரிங்கும் வேண்டும். விற்பவரிடம் முதன்முதலாகக் கேட்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் கணக்கு. பிராணவாயு இயந்திரம் 350 வாட், விசிறி 50, இரண்டு விளக்குகள் 20. ஆக 420 வாட், பத்து மணி நேரத்துக்கு 4.2 யூனிட். 5 யூனிட் பேட்டரி போதுமென்று தோன்றும். ஆனால் அடிவரை வழித்தெடுக்கலாகாது என்பதாலும், மாற்றத்தில் சிறிது வீணாவதாலும், வருஷங்கள் செல்லச் செல்லக் கொள்ளளவு குறைவதாலும், ஐஸ் பெட்டியையும் சேர்த்து 10 யூனிட்டாக வாங்கினேன், ஏர்கோனைச் சேர்க்கவில்லை. வெப்பத்தை ஓரளவு தாங்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையே ஆயினும், அதைத் தகரக் கூரையின் அடியில் வைக்காமல், வெயில் படாத உட்சுவரில் தரையினின்றும் உயர்த்தி மாட்டச் செய்தேன்.

இவ்வளவு யோசித்தும் இரண்டு பிழைகள் நேர்ந்தன. வயரிங் செய்தவர் குளியலறையின் 3.6 கிலோவாட் வெந்நீர்க் கருவியையும் அந்தத் தனி இணைப்பிலேயே சேர்த்துவிட்டதால், கம்பி மின்சாரம் நின்றிருந்த ஒரு மாலையில் யாரோ குளிக்கப் போக, இன்வெர்ட்டர் பாரம் தாங்காமல் அடங்கிவிட்டது. மற்றது என்னுடைய பிழை. தினமும் மாலையில் பேட்டரி தீரும் வரை வீட்டுக்குச் செலவிடும்படி அமைத்திருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் நின்றபோது அதில் 15 சதவிகிதமே மிஞ்சியிருந்தது. யூனிட்டுக்கு யூனிட் கழித்துத் தரும் திட்டத்தில் வெளிக்கம்பியே நமக்குக் களஞ்சியம் என்பதையும், தினந்தோறும் பேட்டரியைக் கரைப்பதால் அங்கே லாபமில்லை என்பதையும் அன்றுதான் கிரகித்தேன். இப்போது அது எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

நெம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு 30 ஜூன் 2025 உடன் முடிந்துவிட்டது. மறுநாளே நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில், நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கும் வீடுகளுக்கு வேலை நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை அதிகம். ஆகையால் இனிச் சேர்பவர்களுக்கு மாலையில் பேட்டரியைச் செலவிடுவது பிரயோஜனப்படக்கூடும். அப்படிச் செய்தாலும், வீட்டில் நோயாளி இருப்பின், ஓர் இரவுக்கு வேண்டியதைத் தொடாமல் நிறுத்திவைக்கும்படி இன்வெர்ட்டரில் வரம்பிட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை நானே அணைத்து, எல்லாம் ஒழுங்காக மாறுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன், அம்மாவின் சிலிண்டரைக் கட்டிலருகே நகர்த்தி வைத்து, அதன் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவேன்.