பாட்டுக்கு உரியவர் யார்?

பாட்டு ஏட்டுச் சுவடியில் இருந்த காலத்தில் அதனைப் பயின்றோர் சிலரே. அச்சு வந்தபின் பயில்வோர் பெருகினர். இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் வானொலியும் பேசும் படமும் தோன்றவே, எழுத்தறியாதார் செவியிலும் கவிதை சென்று புகுந்தது. ஆயினும் இப்புதிய கருவிகள் பெரும்பொருளை வேண்டுவன. பொருளை இடுவோர் உரிமையையும் நாடுவர் அன்றோ? பாரதியாரின் பாடல்களுக்கு நேர்ந்தது இதுவே.

பாரதியார் செய்தித்தாள்களில் பணியாற்றியவர். மக்களை விரைந்து சென்றடையும் வழியை அறிந்தவர். தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதி ஒன்றுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிட 1920-ஆம் ஆண்டில் அவர் திட்டமிட்டார். அவை மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட எளிதாக எங்கும் பரவும் என்பது அவர் நம்பிக்கை. மளிகைக் கடைச் சரக்கோடு தம் கவிதையை ஒப்பிட அப்பெருங்கவிஞர் நாணவில்லை! ஆனால் வேண்டிய பொருள் கிட்டவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

பின்னர் அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை வணிகர் கைக்குச் சென்றது. அவர்களிடமிருந்து அதனைப் பட அதிபர் ஏ. வி. மெய்யப்பர் விலைக்கு வாங்கினார். 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய 'நாம் இருவர்' வெளிவந்தது. அதில் டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாடினார். நாடு விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்னரே, விடுதலையைக் கொண்டாடும் பாட்டு ஊர்தோறும் படக்கொட்டகைகளில் முழங்கிற்று. கவிஞர் கனவு கண்ட பரவலை அவர் அறிந்திராத கருவி நிறைவேற்றியது எனலாம்.

அடுத்த ஆண்டில், டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்கணன்' படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். தம் உரிமை மீறப்பட்டது என்று மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். விலை கொடுத்து வாங்கியவர் அவ்வாறு கேட்டது சட்டத்திற்கு முரணன்று. ஆனால் நாட்டு விடுதலைக்காகப் பாடியவரின் பாட்டைப் பாட ஒருவரிடம் இசைவு பெற வேண்டுமா என்னும் வினா தமிழ்நாடெங்கும் எழுந்தது. எழுத்தாளர்கள் 'பாரதி விடுதலைக் கழகம்' கண்டனர். கூட்டங்கள் நடந்தன, அரசுக்கு வேண்டுகோள்கள் சென்றன.

1949-ஆம் ஆண்டில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, பாரதியார் நூல்களின் உரிமையை அரசு ஏற்க முடிவாயிற்று. மெய்யப்பர் தம் ஒலிப்பதிவு உரிமையைப் பணம் பெறாமலே அளித்தார். வழக்குத் தொடுத்தவரும் அவரே என்பதை எண்ணும்போது, இச்செயலின் பெருமை விளங்கும். 1955-ஆம் ஆண்டில் அப்பாடல்கள் யாவர்க்கும் பொதுவாயின. 1961-ஆம் ஆண்டில் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாரதியார் பாடல்கள் பல ஒலித்தன. அவற்றைச் சேர்க்க எவரிடமும் விலை பேச வேண்டியிருக்கவில்லை.