மடிக்கணினிக்கு ஒரு சாவி

பஞ்சாயத்து அலுவலகத்து இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அங்கத்தினர் எவரும் தயங்காமல் பதில் கூறுவர். மடிக்கணினியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாலோ, பதில் கிடைப்பது அரிது. வீட்டு வரிக் கணக்கு, குடிநீர்க் கட்டணக் கணக்கு, வீடு கட்டும் திட்டப் பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்கள், அவர்தம் ஆதார் நகல்கள் ஆகியவை இன்று அக்கருவிக்குள் குடிகொண்டிருக்கின்றன. கருவி களவு போனால் அதன் விலை மட்டுமே நட்டம் என்று எண்ணுவது பிழையாகும்.

கடவுச்சொல் இருக்கிறதே எனச் சிலர் கூறலாம். இருக்கிறதுதான். ஆனால் அதனைத் தலைவர் அறிவார், செயலர் அறிவார், அச்சுப்பொறியைப் பழுது பார்க்க வந்தவரும் அறிவார். திரையின் ஓரத்தில் தாளில் எழுதி ஒட்டிவைக்கும் வழக்கமும் உண்டு. ஒரு சொல் எத்தனை காதுகளுக்குச் சென்றது எனக் கணக்கிட இயலாது. கையில் பிடிக்கத்தக்க சாவியோ இருந்தால் இருக்கிறது, இல்லையேல் இல்லை. ஆதலின், நாம் அன்றாடம் கையாளும் பென் டிரைவையே மடிக்கணினிக்குச் சாவியாக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

இம்முறையில் தாழ்ப்பாளும் உண்டு, பூட்டும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பலர் ஏமாறுகின்றனர். பென் டிரைவைச் செருகினால் திரை திறந்து, உருவினால் மூடிக்கொள்ளும்படி செய்யும் மென்பொருள்கள் சில உள்ளன. யூஎஸ்பி ராப்டர் அவற்றுள் ஒன்று. தேநீர் அருந்த எழுந்து செல்லும் நேரத்திற்கு இது போதும். ஆயினும் இது தாழ்ப்பாளே. கருவியின் அடிப்பக்கத்தைத் திருப்புளியால் கழற்றி, உள்ளிருக்கும் சேமிப்பு வட்டை வேறொரு கணினியில் பொருத்தினால், கோப்புகள் யாவும் எழுத்துப் பிசகாமல் படிக்கக் கிடைக்கும். முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போலத்தான்.

பூட்டு என்பது வட்டில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் மறைகுறியாக மாற்றிவைப்பது. விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர் என்னும் வசதி இதற்கென உள்ளது. இதில் தொடக்கச் சாவி என ஒரு சிறு கோப்பினைப் பென் டிரைவில் எழுதி வைக்கலாம். அதனைச் செருகினாலன்றிக் கணினி எழாது. வட்டைக் கழற்றிச் சென்றவனுக்கும் பொருளற்ற குறிகளே மிஞ்சும். இக்கருத்து புதிதன்று. பழைய விண்டோஸ் கணினிகளில் ஃபிளாப்பித் தட்டில் சாவி வைக்கும் சிஸ்கீ என்னும் ஏற்பாடு இருந்தது. அது வலுவற்றதெனக் கண்டு 2017இல் நீக்கப்பட்டது.

பிட்லாக்கரை இயக்கிவிட்டால் மட்டும் பென் டிரைவ் கேட்கப்படும் என்று எண்ணிவிட வேண்டா. கணினிக்குள் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு இருப்பின், அச்சில்லே வட்டைத் திறந்துவிடும். தொடக்கத்தில் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்னும் கொள்கை அமைப்பை இயக்கிய பின்னரே சாவி கேட்கப்படும். கணினி அறிந்தவர் ஒருவரைக் கொண்டு இதனை ஒருமுறை செய்வித்தால் போதும். அவர் செய்யும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்று கிடைக்கும். அதனை அச்சிட்டு, முத்திரையிட்ட உறையில், மடிக்கணினி இருக்கும் கட்டடத்தில் அல்லாது வேறிடத்தில் வைத்தல் வேண்டும். சாவியும் இந்த எண்ணும் ஒருங்கே தொலைந்தால், மென்பொருளைச் செய்தவராலும் கோப்புகளை மீட்டுத் தர இயலாது. முதல் நாளிலேயே மற்றொரு பென் டிரைவில் இரண்டாம் சாவி எடுத்துவைப்பதும் அவசியம்.

கணினி எழுந்தவுடன் சாவியை உருவிக்கொள்ள வேண்டும். மடிக்கணினிப் பையிலேயே பென் டிரைவைப் போட்டுவைப்பது பூட்டிலேயே சாவியை விட்டுச் செல்வதாகும். மாலையில் மூடியைச் சாத்திவிட்டுப் போகும் பழக்கத்தையும் விட வேண்டும். அப்போது கணினி உறங்குகிறதேயன்றி அணையவில்லை; திறந்த பூட்டு திறந்தபடியே இருக்கும். முழுமையாக அணைத்தலே முறை. சாவிக்கெனக் கொண்ட பென் டிரைவில் கிராம சபைப் படங்களையோ பிறர் தரும் கோப்புகளையோ ஏற்றுதல் கூடாது.

வீட்டு உபயோகத்திற்கான விண்டோஸ் ஹோம் பதிப்பில் இவ்வசதி கிடையாது. பட்டா, கடன் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைப் பிள்ளைகளின் மடிக்கணினியில் வைத்திருக்கும் விவசாய நண்பர்கள், விலையின்றிக் கிடைக்கும் வெராகிரிப்ட் மென்பொருளைக் கொண்டு பூட்டிய பெட்டகக் கோப்பு ஒன்று அமைத்து, கடவுச்சொல்லோடு பென் டிரைவில் உள்ள சாவிக் கோப்பும் இருந்தால்தான் அது திறக்கும்படி செய்துகொள்ளலாம்.

மேற்கூறிய சாவிகளுக்கெல்லாம் ஒரு குறை உண்டு. அவை கோப்புகளே; பென் டிரைவ் ஒரு நிமிடம் பிறர் கைக்குப் போனால் நகல் எடுத்துவிடலாம். பணம் வழங்கும் பணிக்குப் பஞ்சாயத்துகளில் பயன்படும் மின் கையொப்ப டோக்கன் அத்தகையதன்று. பார்வைக்குப் பென் டிரைவ் போன்றதே. ஆனால் கையொப்பத்திற்குரிய இரகசியம் அதனுள்ளேயே பிறந்து, அதனுள்ளேயே இருக்கிறது. கையொப்பமிடும் வேலையும் உள்ளேயே நடைபெறுகிறது. ஆகவே நகல் எடுத்தல் இயலாது. திருடுவோர்க்கு உள்ள வழி, டோக்கனையும் அதன் இரகசிய எண்ணையும் சேர்த்துக் கைப்பற்றுவதேயாகும்.

அவ்வழியை நாமே திறந்து வைக்கலாமா? 2020இல் தொடங்கப்பெற்ற இ-கிராம ஸ்வராஜ் முறையில் ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்தாலே பணம் செல்லும். இரு சாவியுள்ள பூட்டு அது. அவ்விரண்டையும் ஒரே மேசை அறையில், எண்களைத் தாளில் எழுதிச் சுற்றி வைத்திருப்பதை நாம் சில இடங்களில் கண்டுள்ளோம். பெண் தலைவரின் டோக்கன் அவர்தம் கணவரின் சட்டைப் பையில் இருப்பதும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 42ஆம் பிரிவு, இரகசியச் சாவியைத் தம் வசம் காத்துக்கொள்ளும் கடமையைச் சான்றிதழ் பெற்றவர் மீதே சுமத்துகிறது. சாவி பிறர் கைக்குப் போனதெனச் சான்றளிக்கும் நிறுவனத்திற்குத் தெரிவிக்கும் வரை அவரே பொறுப்பாளி. சட்டைப் பையின் சொந்தக்காரர் அல்லர்; சான்றிதழில் பெயருள்ள அம்மையாரே பதில் கூற வேண்டியவர்.

மாறுதல் நேரும்போதும் வேறுபாட்டை உணர வேண்டும். தொடக்கச் சாவியுள்ள பென் டிரைவ் அலுவலகச் சொத்து. இருப்புப் பதிவேட்டில் பதிந்து, பொறுப்பேற்பவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மின் கையொப்பமோ ஒருவரது பெயருக்கு உரியது. பதவி முடிந்ததும் அதனை இரத்துச் செய்விக்க வேண்டுமேயன்றி, அடுத்தவரிடம் கொடுத்துச் செல்லலாகாது.

டோக்கன் தொலைந்தால் அன்றைய தினமே சான்றளிக்கும் நிறுவனத்திற்குத் தெரிவித்து இரத்துக் கோருவதோடு, வட்டார அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். தொடக்கச் சாவி மட்டும் தொலைந்திருப்பின், இரண்டாம் சாவியால் கணினியை எழுப்பி, பிட்லாக்கரில் பழைய சாவியை நீக்கிப் புதியது அமைத்துக்கொள்ளலாம். அதன் பின் தொலைந்த பென் டிரைவ் எவர் கையில் சிக்கினாலும் அக்கணினியைத் திறக்காது.