சக்கரமும் தண்டவாளமும்

நுழையும்முன்
விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்குக் கரிசல் நிலத்தின் ஊடே ஓர் இருப்புப்பாதை செல்கிறது. மீட்டர் பாதையாக இருந்த அது, 2013இல் 1676 மி.மீ. அகலமுள்ள அகலப்பாதையாயிற்று. அதில் ஓடும் தொடர்வண்டி, திருப்புவார் இன்றியே வளைவுகளில் திரும்புகிறது. எவ்வாறு?

மாட்டுவண்டியின் அச்சு சுழலாது. சக்கரங்கள் தனித்தனியே சுழலும். எனவே, திரும்புகையில் வெளிச்சக்கரம் விரைந்து சுழன்று மிகுதியான தொலைவைக் கடக்கும். தொடர்வண்டியிலோ இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பிணைந்து ஒன்றாகவே சுழல்கின்றன. ஆனால், பாதை செங்கோண அளவிற்கு வளைந்தால் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட இரண்டரை மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும்.

இச்சிக்கலைத் தீர்ப்பது சக்கரத்தின் வடிவமே. தண்டவாளத்தின்மீது உருளும் அதன் பரப்பு, உட்புறம் பருத்தும் வெளிப்புறம் சிறுத்தும் கூம்பாகக் கடையப்பட்டுள்ளது. வளைவில் சக்கர இணை சற்றே வெளிப்புறம் நகரும். அப்போது வெளிச்சக்கரம் பருத்த பகுதியாலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியாலும் தண்டவாளத்தில் உருளும். ஒரே சுழற்சியில் வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு செல்ல, வண்டி தானே திரும்பும்.

சக்கரத்தின் உட்புற விளிம்பே வண்டியைத் திருப்புகிறது எனப் பலர் கருதுவர். கூம்பால் இயலாத கடும் வளைவுகளில் தாங்கும் இறுதிக் காவலே அது. விளிம்பு ஓயாது உரசினால் சக்கரமும் தண்டவாளமும் தேயும். தேய்வு மிகுந்தால் வண்டி தடம்புரளவும் கூடும். ஆகவே, தேய்வை அளந்து சக்கரத்தை மீண்டும் கடைந்து சீராக்குகின்றனர். பயணிகளின் உயிர் அந்தச் சிறு சரிவை நம்பியிருக்கிறது.

செய்து காண்க
இரு காகிதக் குவளைகளின் அகன்ற வாய்களை ஒட்டி, இணையான இரு கோல்களின்மீது உருட்டுக. அடுத்து, குறுகிய அடிப்பகுதிகளை ஒட்டி உருட்டுக. எது பாதை விலகாமல் செல்கிறது? காரணம் கூறுக.